அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலி: முக்காலியில் சேர்ந்த மூலிகை டப்பாக்களில் எதை எடுப்பது?

அம்மாவுக்கு இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த மூன்றாம் நாள், கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்த முக்காலியில் ஒன்பது சாமான் சேர்ந்துவிட்டது. நாங்கள் காசு கொடுத்து வாங்கியது அதில் ஒன்றுகூட இல்லை. முன்பெல்லாம் உடம்பு முடியாதவர்களைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் கொண்டுவருவார்கள். இப்போது டப்பா கொண்டுவருகிறார்கள். சித்தி மஞ்சள் காப்ஸ்யூல் கொண்டுவந்தாள். பெரியப்பா மகா யோகராஜ குக்குலு. அத்தை கொல்லிமலைக்குப் போய்வந்தவர்களிடம் சொல்லி முடவாட்டுக்கால் கிழங்கு வரவழைத்திருந்தாள். எதிர்வீட்டு வாத்தியார் ஹோமியோபதி ஆர்னிகா உருண்டை, துபாயிலிருந்து லீவில் வந்த தம்பி அன்னாசியிலிருந்து எடுத்த ப்ரோமெலைன். இவை போக சல்லகி மாத்திரை, அமுக்கரா லேகியம், தசமூலாரிஷ்டம், லேபிள் பாதி உரிந்த ஒரு தைலம்.

"இதுல எதைடா சாப்பிடறது?" என்று அம்மா கேட்டாள். கேள்வி நியாயமானது. ஆஸ்பத்திரியில் தந்த டிராமடால் கலந்த வலி மாத்திரையைப் போட்டால் குமட்டுகிறது, தலை சுற்றுகிறது. போடாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு முழங்கால் விண்ணென்று தெறிக்கிறது. நடுவில் ஒரு வழி இருந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

எனக்கு மருத்துவப் படிப்பு கிடையாது. ஆனால் வீட்டில் மருந்துப் பொறுப்பு என்னுடையது. அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாக எடுத்து, அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எலும்பு டாக்டரிடமும், அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவு டாக்டரிடமும் கேட்டேன். எங்களுக்குக் கிடைத்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டு வாரம் சமையலறையைத் தாண்டி எதுவும் வேண்டாம். ஆறு வாரத்துக்குப் பிறகும் வலி இழுத்துக்கொண்டே போனால், ஒரே ஒரு டப்பாவை, ஒரு மாதம், கணக்கு வைத்துச் சோதிக்கலாம். அந்த ஒன்று எது என்பதில்தான் ஒப்பிட்டுப் பார்க்க விஷயம் இருக்கிறது.

முதலில் சீட்டைப் பாருங்கள்

மூலிகையை ஒப்பிடுவதற்கு முன்னால், வயிற்றுக்குள் ஏற்கெனவே என்ன போகிறது என்று தெரிய வேண்டும். அம்மாவின் சீட்டில் இருந்தவை: பாராசிட்டமால் 650 மூன்று வேளை, ஐந்து நாளைக்கு டிராமடால் கலந்த மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க அபிக்சபான் 2.5 மி.கி. காலையும் மாலையும் பதினாலு நாள், வயிற்றுக்கு ஒன்று, இரும்புச்சத்து, பழைய சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை.

இந்தப் பட்டியலில் முக்கியமான வரி வலி மாத்திரை இல்லை, அபிக்சபான்தான். மூட்டு மாற்றியவர்களுக்குக் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் முட்டி மாற்றியவர்களுக்கு சுமார் இரண்டு வாரம், இடுப்பு மாற்றியவர்களுக்கு ஐந்து வாரம்வரை ரத்தத்தை இளக்கி வைக்கிறார்கள். நம் முக்காலியில் இருக்கும் வலி மூலிகைகள் பலவற்றுக்கும் லேசாக ரத்தத்தை இளக்கும் குணம் உண்டு. குழம்பில் போடும் அளவுக்கு அது ஒரு பொருட்டில்லை. சாறு வடித்துச் செறிவாக்கிய காப்ஸ்யூலில் போனால், தையல் ஆறாத காலில் அது வேறு கதை. கட்டு ஈரமாகும், முட்டி உள்ளே ரத்தம் கட்டி வீங்கும், வீங்கினால் வலி கூடும். வலிக்கென்று எடுத்ததே வலியைக் கூட்டிவிடும்.

இன்னொன்று, பாராசிட்டமால் கணக்கு. டிராமடால் கலந்த மாத்திரைக்குள்ளேயே பாராசிட்டமால் 325 மி.கி. இருக்கும். தனி 650-ஐயும் அதையும் கூட்டித்தான் ஒரு நாள் கணக்கு போட வேண்டும். பெரியவர்களுக்கு 4 கிராம் என்பது மேல் எல்லை; வயதானவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் டாக்டர்கள் அதற்குக் கீழேயே நிறுத்துவார்கள். கல்லீரல் இப்படி வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில், அதே கல்லீரலுக்குப் புதிதாக ஒரு மூலிகைச் சாற்றையும் அனுப்புவதா என்று யோசிக்க வேண்டும்.

ஒரு தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது தந்த படிவத்தில் 'வேறு மருந்துகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியவன் நான்தான். மயக்க மருந்து டாக்டர் அம்மாவிடமே நேராகக் கேட்டார்: "அம்மா, நாட்டு மருந்து ஏதாச்சும்?" அம்மா, "மருந்தெல்லாம் இல்லீங்க, காலைல பால்ல அமுக்கராப் பொடி மட்டும்" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது பொடி. மருந்து என்றால் மாத்திரை. அமுக்கரா தூக்கத்தைக் கூட்டும், சர்க்கரையையும் தைராய்டையும் அசைக்கும், மயக்க மருந்தோடு சேர்ந்தால் எழுப்புவதில் தாமதமாகலாம் என்று டாக்டர் விளக்கினார். ஆபரேஷன் பத்து நாள் தள்ளிப்போனது. அமெரிக்க மயக்கவியல் சங்கம் பொதுவாகச் சொல்வதும் இதுதான்: மூலிகை எதுவானாலும் ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். தேதி குறித்தாகிவிட்டது என்றால் இன்றைக்கே வீட்டுப் பெரியவர்களிடம் 'மருந்து' என்று கேட்காமல் பொடி, லேகியம், கஷாயம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மஞ்சள்: ரசத்தில் ஒன்று, காப்ஸ்யூலில் வேறொன்று

ஒன்பதில் அதிக வாதம் நடந்தது மஞ்சளுக்குத்தான். "மஞ்சள் என்னடா பண்ணும், நாம பொறந்ததுலேருந்து சாப்பிடறோம்" என்பது சித்தியின் கட்சி. இந்த வாக்கியத்தில்தான் சிக்கலே இருக்கிறது. நாம் பிறந்ததிலிருந்து சாப்பிடுவது மஞ்சள்தூள். டப்பாவில் இருப்பது குர்குமின்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம். சித்தி தந்த காப்ஸ்யூல் 500 மில்லிகிராம், 95 சதவீதம் குர்குமினாய்டு. ஆக ஒரு காப்ஸ்யூலில் 475. அதாவது ஒரே விழுங்கில் ஐந்து டீஸ்பூனுக்கு மேல். லேபிளில் நாளைக்கு இரண்டு என்று போட்டிருந்தது. பத்து டீஸ்பூன் மஞ்சள்தூளை யாரும் ஒரு நாளில் சாப்பிட்டதில்லை. பாட்டி காலத்து அனுபவம் இந்த டப்பாவுக்குச் சாட்சி சொல்ல வராது.

குர்குமின் சும்மா போனால் உடம்பில் சரியாக ஏறாது. பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது ரத்தத்தில் ஏறுவது 20 மடங்கு கூடியது. அன்றிலிருந்து குர்குமின் டப்பாக்களில் மிளகுச் சாறு சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. 'மிளகு சேர்ந்தால் நல்லதுதானே' என்று நினைப்போம். ஆனால் பைப்பரின் குர்குமினை மட்டும் உள்ளே விடும் வாட்ச்மேன் இல்லை. மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளையும், குடலிலிருந்து மருந்தை வெளியே தள்ளும் ஒரு பம்பையும் அது மந்தமாக்குகிறது. அபிக்சபான் உடம்பை விட்டுப் போவதும் அதே வழியில்தான். வலிப்புக்குச் சாப்பிடும் பெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவு பைப்பரினால் ரத்தத்தில் கூடியது ஏற்கெனவே பதிவான விஷயம். ஆகவே மஞ்சள் டப்பாவில் முதலில் பார்க்க வேண்டியது மஞ்சளின் அளவை இல்லை. மிளகுச் சாறு இருக்கிறதா என்பதை.

வலிக்குக் கேட்குமா? ஓரளவு ஆதாரம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1986இல் வந்த ஓர் இந்திய ஆய்வில் குடலிறக்கம், விரைவீக்கம் ஆகியவற்றுக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு குர்குமின் கொடுத்து, அழற்சி குறைந்ததாகச் சொன்னார்கள். 2011இல் பித்தப்பை எடுத்தவர்களிடம் செய்த சிறிய ஆய்வில் வலியும் அசதியும் குறைந்ததாக வந்தது. இரண்டுமே குறைந்த பேரை வைத்துச் செய்தவை. 

எதிர்ப்பக்கம்: செறிவான மஞ்சள் காப்ஸ்யூல்களால் கல்லீரல் கெடுவது கொஞ்ச வருஷங்களாகப் பதிவாகிவருகிறது. 2019இல் இத்தாலியில் அடுத்தடுத்துப் பலருக்கு மஞ்சள்காமாலை வந்து எச்சரிக்கை விட்டார்கள். அமெரிக்காவில் 2022இல் வெளியான ஆய்வு 10 பேரை விவரித்தது. 5 பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது, ஒருவர் இறந்தார். 2023இல் ஆஸ்திரேலிய அரசும் எச்சரித்தது. சாப்பிடுகிற கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிலருக்கு வருவதுதான். குறிப்பிட்ட ஒரு மரபணு அமைப்பு இருப்பவர்களுக்கே அதிகம் வருவதாகவும் தெரிகிறது. நமக்கு அது இருக்கிறதா என்று யாரும் சோதித்துக்கொள்வதில்லை. போதாததற்கு, குர்குமின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் உடையது. ஆபரேஷனில் ரத்தம் போய் இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதுவும் உதவாது.

குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு மாமா, அமெரிக்காவில் மஞ்சள் காப்புரிமையை இந்தியா முறியடித்த கதையைப் போட்டார். கதை உண்மை. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சில் வழக்காடி 1997இல் ரத்து செய்யவைத்தது. நாம் வென்றது 'இது எங்களுக்குப் பழைய சங்கதி' என்று நிரூபித்ததால். காப்ஸ்யூல் முட்டி வலியைக் குறைக்கும் என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

மஞ்சள் பால்? தாராளமாக. ராத்திரி சூடாக ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் படுத்தால் அம்மாவுக்குத் தூக்கம் வந்தது. அந்த வேலையைச் செய்தது மஞ்சளா பாலா என்று ஆராயவில்லை.

சல்லகி: சரியான மருந்து, தவறிய முட்டி

சல்லகி என்பது சாம்பிராணி இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பிசின். மருந்துக் கடைகளில் போஸ்வெல்லியா என்ற பெயரிலும் கிடைக்கும். அழற்சியை உண்டாக்கும் ஒரு நொதியைத் தடுப்பது இதன் வேலை. வழக்கமான வலி மாத்திரைகள் தடுக்கும் நொதி வேறு; அதனால் வயிற்றில் புண் வைப்பது இதில் குறைவு. முட்டித் தேய்மானத்துக்கு மூலிகைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2014ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளை அலசும் சர்வதேச அமைப்பு) அறிக்கையில், செறிவூட்டிய சாறு 100 மில்லிகிராம் வீதம் 90 நாள் எடுத்தவர்களுக்கு, 100க்குப் போட்ட வலி மதிப்பெண்ணில் மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட 17 குறைந்திருந்தது. மூலிகை உலகில் இது நல்ல மார்க்.

ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்களுக்குச் சொந்த முட்டி, தேய்ந்த குருத்தெலும்பு. அம்மாவின் குருத்தெலும்பைத்தான் வெட்டி எடுத்து உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்தாகிவிட்டதே. இப்போது வலிப்பது வெட்டித் தைத்த தோல், விலக்கி நீட்டிய தசை, வீங்கிய சவ்வு. தேய்மானத்தில் கேட்டது இதிலும் கேட்கும் என்று நேராக இழுத்துப் பொருத்த முடியாது. இதே சல்லகியை அம்மாவின் வலது முட்டிக்கு என்று யாராவது கொடுத்திருந்தால் (அதுவும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது) பேச்சே வேறு.

'மகா' என்ற இரண்டெழுத்து

பெரியப்பா கொண்டுவந்த டப்பாவை நான் மூன்று தடவை படித்தேன். யோகராஜ குக்குலு என்று ஒன்று உண்டு. குக்குலுப் பிசினும் மூலிகைகளும் சேர்ந்தது. மகா யோகராஜ குக்குலு என்று இன்னொன்று. அந்த மகாவில் வெள்ளி, ஈயம், இரும்பு, அப்பிரகம் ஆகியவற்றின் பஸ்பங்களும், பாதரசத்தில் செய்யும் ரச சிந்தூரமும் சேரும். லேபிளில் 'நாக பஸ்பம்' என்று இருந்தது. நாகம் என்றதும் நமக்குப் பாம்பு நினைவுக்கு வரும். ஆயுர்வேதத்தில் அது ஈயம்.

முறையாகப் புடம் போட்டால் விஷம் இல்லை என்பது வைத்தியர்கள் தரப்பு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. 2004இல் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்தன என்பது தெரியும். ஆபரேஷன் முடிந்து, சர்க்கரையும் பிரஷரும் உள்ள 67 வயதுக்காரியின் சிறுநீரகத்துக்கு இப்போது தேவை தண்ணீரும் ஓய்வும்தான். சித்தா டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பர்பம் செந்தூரம் சேர்ந்தது எதுவும் இப்ப வேண்டாம், நானே எழுதினாலும் கிரியாட்டினின் பாத்துட்டுத்தான் எழுதுவேன்" என்றார் (கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை). குக்குலுவிலேயே இன்னொரு வில்லங்கமும் உண்டு: சில பிரஷர் மருந்துகள் ரத்தத்தில் ஏறுவதை அது குறைக்கிறது.

பெரியப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய வேலையாகப் போய்விட்டது. "தாரேன் பெரியப்பா, டாக்டர் ரெண்டு மாசம் கழிச்சு ஆரம்பிக்கச் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவைத்தேன்.

மற்றவை

அமுக்கரா லேகியம்: லேகியம் என்றால் வெல்லமோ சர்க்கரையோ பாகு காய்ச்சியது. சர்க்கரைக்காரருக்கு ஆபரேஷன் ஆன வாரத்தில் சர்க்கரை ஏறினால் புண் ஆறுவது தள்ளிப்போகும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு. டிராமடால் ஏற்கெனவே மயக்கத்தில் தள்ளுகிறது. அமுக்கரா அதற்கு மேல் ஒரு தள்ளு. ராத்திரி எழுந்து வாக்கரைப் பிடித்து பாத்ரூம் போகிறவருக்கு இது ஆகாது.

தசமூலாரிஷ்டம்: அரிஷ்டங்களில் நொதித்துத் தானாக உருவாகும் ஆல்கஹால் இருக்கும். டிராமடாலோடு அதைச் சேர்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

ப்ரோமெலைன்: அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கிற நொதி. கடைவாயில் புதைந்த ஞானப்பல்லைப் பிடுங்கியவர்களிடம் இதை நிறையச் சோதித்திருக்கிறார்கள். சில ஆய்வில் வலி கொஞ்சம் குறைந்தது, சிலதில் வித்தியாசமே இல்லை. பல் பிடுங்கியவருக்கு நாலைந்து நாள் என்றால் டாக்டரைக் கேட்டுப் பார்க்கலாம். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வேண்டாம். இரண்டு துண்டு அன்னாசிப்பழம் தின்றால் இதற்குச் சமம் என்று நினைக்காதீர்கள். மாத்திரைக்கு எடுப்பது பழத்தின் சதையிலிருந்து அல்ல.

ஆர்னிகா: வாத்தியார் தந்தது 30சி வீரியம். ஒன்றுக்குப் பின்னால் அறுபது சைபர் போட்ட அளவுக்குக் கரைத்தது. உருண்டையில் அந்தச் செடியின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வழியில்லை. கை மணிக்கட்டில் ஆபரேஷன் செய்துகொண்ட 64 பேரிடம் பிரிட்டனில் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். வெறும் சர்க்கரை உருண்டைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கெடுதல் இல்லை, பயனும் இல்லை. வாத்தியார் மனம் நோகக் கூடாது என்று அம்மா இரண்டு நாள் சப்பினாள்.

முடவாட்டுக்கால் சூப்: இது எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கொல்லிமலை, ஏற்காடு பக்கம் பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி இனம். கிழங்கின் மேல் செம்பட்டை ரோமம் அப்பியிருக்கும். பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். ரோமத்தைச் சுரண்டி, தோலைச் சீவி, தட்டி, மிளகு சீரகம் சின்ன வெங்காயம் பூண்டோடு கொதிக்கவைத்தால் சைவக்காரர் வீட்டிலும் ஆட்டுக்கால் சூப் வாசனை வரும். வலிக்கு இதை மருந்தாக எண்ணவில்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு வாய் கசந்து சோறு இறங்காமல் கிடந்தவள், இந்த சூப்பை ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள். சாப்பாடு இறங்கினால் மாத்திரையும் தங்கும்.

பிரண்டையும் அப்படியே. எலும்பு கூடுவதற்கு அதை நம் ஊரில் எப்போதும் சொல்வார்கள். எலும்பு முறிவில் சின்னச் சின்ன ஆய்வுகளும் உண்டு. அம்மாவுக்கு வைத்ததோ சிமென்ட் போட்டு ஒட்டிய மூட்டு. கூட வேண்டிய முறிவு அங்கே கிடையாது. துவையலாக அரைத்து நல்லெண்ணெய் விட்டு மூன்று வாய் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டாள். நன்றாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும்.

இஞ்சி மட்டும் எதிர்பாராமல் உதவியது, அதுவும் வலிக்கு இல்லை. ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு கேட்கும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. காலையில் இஞ்சி தட்டிப் போட்ட டீ குடித்த பிறகு டிராமடாலின் குமட்டல் அடங்கியது. வாந்தி இல்லாததால் மாத்திரை வேளை தவறவில்லை. வேளை தவறாததால் வலி ஏறவில்லை. காப்ஸ்யூலாக வாங்கப் போகாமல் டீயோடு நிறுத்திக்கொண்டோம்.

தைலம்: தையல் பிரித்து, பொருக்கு உதிர்ந்து, தோல் மூடும்வரை காயத்தின் பக்கமே எண்ணெய் போகக் கூடாது. அதைவிடப் பெரிய விஷயம், கெண்டைக்காலை அழுத்தித் தேய்ப்பது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் தேய்க்கிற கை அதை நகர்த்திவிடலாம். அத்தை நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கத் தயாராக அடுப்பில் சட்டியை வைத்துவிட்டாள். புது ஆபரேஷன் காலுக்குச் சூடு வேண்டாம், ஐஸ்தான் என்று பிசியோ சொல்லியிருந்ததால் தடுக்க முடிந்தது.

டப்பாவைத் திருப்பிப் படிக்கும் முறை

மூலிகை என்று எழுதிய டப்பாக்கள் நம் நாட்டில் இரண்டு சட்டங்களின் கீழ் வருகின்றன. எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் போட்டது உணவுக் கணக்கு. அதில் 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்' என்று அச்சடித்தே ஆக வேண்டும். வலிக்கென்று நாம் வாங்கும் சாமானிலேயே 'இது மருந்துக்கு அல்ல' என்று எழுதியிருப்பதை எத்தனை பேர் பார்த்திருப்போம்? சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் மருந்து உரிம எண் இருக்கும், எந்த நூல் முறைப்படி செய்தது என்பதும் இருக்கும்.

இரண்டும் இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் 'மூட்டு வலிப் பொடி' என்று வருவது மூன்றாவது வகை. ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்று யாராவது சத்தியம் செய்தால் சந்தேகப்படுங்கள். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது, ஸ்டீராய்டு செய்யும். 2022இல் அமெரிக்காவில் 'ஆர்ட்ரி கிங்' என்ற மூட்டு வலி மூலிகை மாத்திரையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் மறைந்திருந்ததை அரசு கண்டுபிடித்து எச்சரித்தது. ஆபரேஷன் ஆனவர் தெரியாமல் ஸ்டீராய்டு சாப்பிட்டால் சர்க்கரை எகிறும், புண் ஆறாது.

'இங்கிலீஷ் மருந்து கெமிக்கல், இது இயற்கை' என்கிற பேச்சு முக்காலியைச் சுற்றி நிறைய நடந்தது. மார்ஃபின் அபினிச் செடியிலிருந்து வந்தது. ஆஸ்பிரினுக்கு மூத்த பாட்டி வில்லோ மரப்பட்டை. இயற்கையா என்று கேட்பதைவிட எவ்வளவு, எதோடு, எப்போது என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

பிறகு என்ன நடந்தது

வலியைப் பெரும்பாலும் குறைத்தவை வேறு. மாத்திரையை வலி வந்த பிறகு தேடாமல் மணி பார்த்துக் கொடுத்தோம். பிசியோ வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு ஒன்று போகும்படி வேளையை மாற்றிக்கொண்டோம். துண்டில் சுற்றிய ஐஸ் கால் மணி நேரம். படுக்கும்போது தலையணை முட்டிக்கு அடியில் வேண்டாம், குதிகாலுக்கு அடியில். முட்டிக்கு அடியில் வைத்தால் அந்த நிமிஷம் சுகமாக இருக்கும், கால் நீட்ட வராமல் மடங்கியே நின்றுவிடும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. அம்மா ராத்திரி தூக்கத்தில் தலையணையை மேலே இழுத்துக்கொள்வாள்.

வலி ஒரு படி இறங்கிய பிறகு திடீரென்று ஏறினாலோ, கெண்டைக்கால் கல்லாக வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ எந்த டப்பாவையும் திறக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டினேன். ஒட்டியதற்கு வேலை வரவில்லை.

ஏழாவது வாரம், அபிக்சபான் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின், மாடிப்படி ஏறும்போது மட்டும் வலி மிஞ்சியிருந்தது. எலும்பு டாக்டரிடம் கேட்டுவிட்டு சல்லகியை எடுத்தோம். மஞ்சளை விட்டுவிட்டு இதை எடுக்கக் காரணம் மிளகுச் சாறு இல்லாதது, கல்லீரல் புகார் குறைவு, எப்படியும் வலது முட்டிக்காவது உதவட்டும் என்ற நப்பாசை. வேறு எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. காலண்டர் தாளில் தினமும் பத்துக்கு எத்தனை வலி என்று அம்மாவே எழுதினாள். ஆரம்பத்தில் நாலு, ஐந்து. மாத முடிவில் மூன்று. டப்பா தீர்ந்த பிறகும் பதினைந்து நாள் எழுதச் சொன்னேன். மூன்று, மூன்று, இரண்டு, மூன்று.

அடுத்த டப்பா வாங்கட்டுமா என்று கேட்டேன். அம்மா காலண்டரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "சாப்பிட்டப்பவும் மூணு, நிறுத்தினப்பவும் மூணு. அந்தக் காசுக்கு பிசியோ பொண்ணை இன்னும் ரெண்டு நாள் வரச் சொல்லு" என்றாள்.